சுவருக்குப் பின்னாடி என்ன இருக்கு? குறைஞ்ச செலவுல, சூழலைக் கெடுக்காம ஒரு வீட்டை அழகாக்குறது

இந்தக் கட்டுரை வீட்டு அலங்காரம் பத்தினது. "ஹாஸ்டல்ல ஒரு கட்டில், ஒரு பக்கெட்டோட இருக்கிறவனுக்கு இது எதுக்கு?"ன்னு தோணலாம். ஆனா இன்னும் ஒரு வருஷத்துல நம்மள்ல பாதிப் பேர் வாடகைக்கு ரூம் எடுப்போம். அதுக்கு முன்னாடியே வீட்டுல, "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, இது சரியா சொல்லு"ன்னு கேக்க ஆரம்பிச்சிருப்பாங்க. எங்க வீட்டுல ஆரம்பிச்சாச்சு.

எங்க ஊர் சின்னசேலம். சேலம் – விருத்தாசலம் ரயில் பாதையில வரும். முன்னாடி விழுப்புரம் மாவட்டம், 2019 நவம்பர்ல இருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். அக்காவுக்கு நிச்சயம் முடிவானதும், மாப்பிள்ளை வீட்டார் வர்றதுக்குள்ள ஹாலை ரெடி பண்ணணும்னு ஒரு இன்டீரியர் ஆளைக் கூப்பிட்டாங்க. சுவர் முழுக்க பி.வி.சி பேனல், மேல ஃபால்ஸ் சீலிங், டி.வி.க்கு எம்.டி.எஃப் யூனிட். மொத்தம் 85,000 ரூபாய்னு எழுதிக் கொடுத்தார். கல்யாணச் செலவு இனிமேதான் இருக்கு. அப்பா நகைக்கடன் வைக்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தார். "எதுக்குப்பா பேனல்?"னு கேட்டதுக்கு வந்த பதில்: "சுவர்ல ஓதம் அடிக்குது, பெயிண்ட் உரியுது, மறைக்கணும்ல?"

இந்த "மறைக்கணும்"ங்கிற வார்த்தையிலதான் பணமும் போகுது, சூழலும் கெடுது. அதனால முதல் பாடத்தை அங்கயே தொடங்கலாம்.

ஓதத்தை மறைச்சா என்ன ஆகும்?

சுவர்ல ஈரம் வர மூணு வழி இருக்கு. ஒண்ணு, கீழ மண்ணுல இருந்து மேல ஏறுறது. செங்கல்லுல இருக்கிற நுண்ணிய துளைகள் திரி எண்ணெயை உறிஞ்சுற மாதிரி தண்ணியை உறிஞ்சும். அஸ்திவாரத்துக்கு மேல ஈரம் தடுக்குற பூச்சு போடாத பழைய வீடுகள்ல இது சாதாரணம். ரெண்டாவது, பக்கத்துல ஏதோ ஒரு இடத்துல ஒழுகுறது: பாத்ரூம் குழாய், மாடித் தண்ணி இறங்குற பைப், விரிசல் விட்ட சன்ஷேடு. மூணாவது, காத்தோட்டம் இல்லாத அறையில காத்துல இருக்கிற ஈரமே குளிர்ந்த சுவர்ல படியுறது.

எதுன்னு கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கு. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளை ஈரம் இருக்கிற இடத்துல வெச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டி இடைவெளி இல்லாம மூடுங்க. ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. தாளுக்கும் சுவருக்கும் நடுவுல தண்ணி முத்துமுத்தா நின்னா, ஈரம் சுவருக்குள்ள இருந்து வருது. தாளோட வெளிப்பக்கம் ஈரமா இருந்தா, அறைக் காத்துல இருந்து வருது. முதல் ரகத்துக்குக் கொத்தனாரோ பிளம்பரோ வேணும். ரெண்டாவதுக்கு ஜன்னலைத் திறந்தாலே பாதி சரியாயிடும்.

இதைப் பார்க்காம மேல பேனல் அடிச்சா ஈரம் நிக்காது. சுவருக்கும் பேனலுக்கும் நடுவுல வெளிச்சமும் காத்தும் இல்லாத ஒரு சந்து உருவாகுது, பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நமக்குக் கண்ணுல தெரியாது, ஆனா மூக்குக்குத் தெரியும். வீட்டுல வீசிங் இருக்கிறவங்க, சின்னப் பசங்க இருந்தா இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்ல. போதாக்குறைக்கு, பி.வி.சி பிசின்ல எடைக்கு எடை பாதிக்கு மேல குளோரின். என்னைக்காவது தீப்பிடிச்சா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். பழசாகிக் கழட்டினா நம்ம ஊர்ல அது எங்க போகும்? ஏரிக்கரையில யாராவது கொளுத்துவாங்க.

எங்க ஹால்ல சோதனை பண்ணினப்போ தாளுக்குப் பின்னாடிதான் தண்ணி. சுவருக்கு அந்தப் பக்கம் மாடித் தண்ணி இறங்குற பைப்போட ஜாயிண்ட் விட்டிருந்தது. அதை மாத்தி, விரிசலைப் பூச ஆன செலவு 2,000 ரூபாய்க்குள்ள. அப்புறம் சுவரைக் காய விடணும். இதுக்குக் குறுக்குவழி கிடையாது. வாரக்கணக்குல ஆகும், வெயில் காலமா இருந்தா சீக்கிரம்.

சுண்ணாம்பு: பாட்டிக்குத் தெரிஞ்ச கெமிஸ்ட்ரி

சுவர் காய்ஞ்ச பிறகு என்ன பூசுறது? இங்கதான் நான் சுண்ணாம்புக்கு வக்காலத்து வாங்குறேன். போகிக்கு முன்னாடி வெள்ளையடிக்கிறது நம்ம எல்லார் வீட்டுலயும் ஒரு காலத்துல நடந்ததுதான். பெயிண்ட் வந்ததும் "ஏழை வீட்டுச் சமாச்சாரம்"னு ஆயிடுச்சு. ஆனா அதுக்குள்ள நடக்குற வேதியியல் ரொம்ப அழகானது.

சுண்ணாம்புக்கல்லு, கிளிஞ்சல் ரெண்டுமே கால்சியம் கார்பனேட்தான். சூளையில சுமார் 900 டிகிரிக்குச் சுட்டா கார்பன் டை ஆக்சைடு வெளிய போய், சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதைத் தண்ணியில போட்டா கொதிச்சு, நீற்றிய சுண்ணாம்பாகும். அதைச் சுவர்ல பூசினா காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்து மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆயிடும். அதாவது, நாம அடிக்கிறது பெயிண்ட் இல்ல, மெல்லிசா ஒரு கல்லு. சுவர் மேல பிளாஸ்டிக் படலம் மாதிரி உக்காராம, துளைக்குள்ள போய்க் கல்லாகிடுது.

"அப்போ இது கார்பனே வெளியிடாதா?"ன்னு கேட்டா, முழுசா அப்படிச் சொல்ல முடியாது. 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு செய்யும்போது கல்லுல இருந்து சுமார் 785 கிராம் கார்பன் டை ஆக்சைடு போகுது. மெல்லிய பூச்சுங்கிறதால அதுல பெரும்பகுதியைச் சுவர் திரும்ப வாங்கிக்கும். ஆனா சூளையில எரிச்ச கரி, விறகு கணக்கு திரும்ப வராது. "நூறு சதவீதம் பசுமை"ன்னு விளம்பரம் பண்ற எதையும் நம்பாதீங்க, சுண்ணாம்பையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

இதுல நமக்கு வேண்டிய பெரிய லாபம் வேற. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை அடைச்சு வைக்காது. சுவருக்குள்ள மிச்சம் இருக்கிற ஈரம் ஆவியா வெளிய போயிடும், கொப்புளம் விடாது. புதுசா அடிச்ச சுண்ணாம்போட பி.எச். 12-க்கு மேல. அந்தக் காரத்தன்மையில பூஞ்சை வளராது. அந்த "புதுப் பெயிண்ட்" வாசனையும் இல்ல, ஏன்னா கரைப்பானே தண்ணிதான்.

செய்முறை இது. 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு சுமார் 5 லிட்டர் தண்ணி. தண்ணிக்குள்ள சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும், சுண்ணாம்பு மேல தண்ணியை ஊத்தக் கூடாது. ஏன்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுத்தமான சுண்ணாம்புன்னு வெச்சுக்கிட்டா ஒரு மோல் நீர்க்கும்போது சுமார் 65 கிலோஜூல் வெப்பம் வரும். 1 கிலோவுக்கு ஏறத்தாழ 1,160 கிலோஜூல். 5 லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க 21 கிலோஜூல் போதும். அப்போ வெப்பநிலை 55 டிகிரி ஏறும், 30 டிகிரியில இருந்த தண்ணி 85-க்குப் போகும். தண்ணி குறைஞ்சா கொதிச்சு மேல தெறிக்கும். அதனால பிளாஸ்டிக் பக்கெட் வேண்டாம், இரும்பு டிரம்மோ மண் தொட்டியோ எடுங்க. கையுறை, கண்ணாடி கட்டாயம். லேப்ல போடுற அதே கண்ணாடி போதும். கண்ணுல பட்டா நிறையத் தண்ணியில கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், இதுல விளையாட்டு வேண்டாம். பயமா இருந்தா, ஏற்கனவே நீற்றின தூளாவே மூட்டையில விக்கிறாங்க. அதை வாங்கிக்கோங்க.

ஒரு நாள், ரெண்டு நாள் ஊறினதும் பழைய வேட்டித் துணியில வடிகட்டணும். ஒட்டுறதுக்கு வடிகஞ்சி கொஞ்சம், இல்லன்னா கரைச்ச பசை. கஞ்சி அதிகமானா அதுவே பூஞ்சைக்குச் சாப்பாடு ஆயிடும். வெள்ளை பளிச்சுன்னு தெரிய, துணிக்குப் போடுற நீலம் ரெண்டு மூணு சொட்டு. சுவரைத் தூசி தட்டி, தண்ணி தெளிச்சு ஈரமாக்கி, மெல்லிசா மூணு கை அடிக்கணும். முதல் கை அடிச்சதும் ஒண்ணுமே தெரியாது, வெறும் தண்ணி அடிச்ச மாதிரி இருக்கும். காயக் காய வெள்ளை வரும். அவசரப்பட்டுக் கெட்டியா அடிச்சா உதிரும். அடிக்கிற ஆளுக்குக் கூலி கொடுத்தா தனி, நாமளே ரெண்டு பேர் சேர்ந்தா ஒரு அறைக்கு ஒரு நாள் ஆகும், அடுத்த நாள் தோள் வலிக்கும்.

நிறம் வேணுமா? மண்ணுல இருந்து வர்ற நிறங்கள்தான் சுண்ணாம்போட காரத்தைத் தாங்கும். காவி, மஞ்சள் காவி ரெண்டுமே இரும்பு சேர்ந்த மண்தான். மஞ்சள் நிறத்துக்கு சமையல் மஞ்சளைப் போடலாமேன்னு என் தங்கச்சி கேட்டா. ஆரத்தித் தட்டை நினைச்சுப் பாருங்க: மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா சிவப்பாயிடும்ல? நம்ம ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நடக்குற அமில-கார சோதனை அது. சுவருக்கு அது உதவாது, வெயில்ல சீக்கிரம் வெளுத்தும் போயிடும்.

இப்போ சுண்ணாம்போட குறைகளையும் சொல்லிடறேன். சாய்ஞ்சா சட்டையில ஒட்டும். வருஷத்துக்கு ஒருமுறை அடிக்கணும். எல்லாத்தையும்விட முக்கியமா, ஏற்கனவே எமல்ஷன் பெயிண்ட் அடிச்ச சுவர்ல இது பிடிக்காது, ஏன்னா பெயிண்ட் படலம் துளைகளை மூடியிருக்கும். சிமெண்ட் பூச்சு, மண் சுவர், பழைய சுண்ணாம்புச் சுவர், இதுலதான் நிக்கும். எமல்ஷன் சுவர் நல்லா இருந்தா அதைச் சுரண்டாதீங்க. சோப்புத் தண்ணியில துடைச்சாலே பாதிப் புதுசு ஆயிடும். நம்ம நாட்டுல வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முன்னாடி அடிச்ச பெயிண்ட்டை, முக்கியமா கதவு ஜன்னல்ல அடிச்ச எனாமலை, காய்ஞ்சபடி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா அந்தத் தூசியில ஈயம் இருக்கலாம். தேய்ச்சே ஆகணும்னா ஈரமாக்கித் தேய்ங்க, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீங்க.

எங்க வீட்டுல உரிஞ்ச ஒரு சுவர் மட்டும் சிமெண்ட் பூச்சு வரைக்கும் போயிருந்தது. அதுக்குக் காவி கலந்த சுண்ணாம்பு, மத்த மூணும் துடைச்சதோட சரி. இப்போ அதை "ஃபீச்சர் வால்"னு அக்கா சொல்லிக்கிறா.

ஒரு துணுக்கு. பழைய காலத்து சுண்ணாம்புக் காரைக்குக் கடுக்காய் ஊற வெச்ச தண்ணியும் வெல்லமும் சேர்ப்பாங்க. கோயில் சீரமைப்பு வேலைகள்ல இன்னும் சேர்க்கிறாங்க. கடுக்காய் எங்க கல்வராயன் மலையில கிடைக்குது, கரும்பு கீழ சமவெளியில விளையுது. நாலு வருஷம் கான்கிரீட் மிக்ஸ் டிசைன் படிச்சோம், ஆனா பக்கத்து மலையில இருக்கிற அட்மிக்சரைப் பத்தி ஒரு வரி கூடப் படிக்கல!

மிச்சம் இருக்கிற சுண்ணாம்பை மொட்டை மாடிக்கு அடிச்சிடுங்க. அது அலங்காரம் இல்லதான், ஆனா கீழ உக்காந்து அலங்காரத்தைப் பார்க்கணும்ல? பழைய சிமெண்ட் தளம் வெயில்ல கால் பங்கு, மிஞ்சிப் போனா மூணுல ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புது வெள்ளை முக்கால் பங்குக்குக் கிட்ட அனுப்பும். தெலங்கானா 2023-ல கூரையைக் குளிர்ச்சியா வைக்கிறதுக்குன்னே ஒரு கொள்கை கொண்டு வந்தது இந்த அடிப்படையிலதான். மழையில கரைஞ்சிடும், மாசி பங்குனியில திரும்ப அடிக்கணும்.

டி.வி. யூனிட்டுக்குப் பதிலா ஒரு மரத்துண்டு

எஸ்டிமேட்ல அடுத்தது எம்.டி.எஃப் யூனிட். மர நாரைப் பிசின் போட்டு அழுத்திச் செய்யுற பலகை அது. பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். புதுசுல கண்ணு எரியுற மாதிரி ஒரு வாசனை வருமே, அது ஃபார்மால்டிஹைடு. தண்ணி பட்டா உப்பும், ஆணி ஒருமுறை கழண்டா மறுபடி பிடிக்காது. ரிப்பேர் பண்ண முடியாத பொருளை அலங்காரம்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல.

இதை நான் அழுத்திச் சொல்றதுக்கு ஒரு காரணம் எங்க ஊர்லயே இருக்கு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சது. தேர், வாகனம், கோயில் கதவுன்னு வேலை செஞ்ச மரபு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் தாலுக்காக்கள்ல இந்த வேலை நடக்குது. தேக்கு, வேம்பு, பூவரசு, மாவிலங்கைன்னு பல மரங்கள்ல உளியும் கொட்டாப்புளியும் வெச்சுச் செதுக்குறாங்க. புவிசார் குறியீடு பேரைத்தான் காப்பாத்தும், ஆர்டர் கொண்டு வராது. நம்ம பசங்க ஹைவேயில போகும்போது கார் கண்ணாடி வழியா அந்த பட்டறைகளைப் பார்த்துட்டு, வீட்டுக்கு வந்து எங்கேயோ செஞ்ச மரச் "சிற்ப" ஸ்டிக்கரை ஆன்லைன்ல ஆர்டர் போடுறோம்.

"அதெல்லாம் லட்சக்கணக்குல ஆகும்"னு நினைக்கிறோம், ஆளுயர சாமி சிலைன்னா ஆகத்தான் செய்யும். ஆனா பெரிய வேலைகள்ல வெட்டி ஒதுக்கின துண்டுகள் இருக்கும். சாவி மாட்டுற பலகை, ஷெல்ஃபைத் தாங்குற ரெண்டு தாங்கி, கதவுக்கு மேல ஒரு அடி நீள யாளியோ அன்னமோ கொடியோ, இப்படிச் சின்னதா கேட்டுப் பாருங்க. தேக்குதான் வேணும்னு அடம்பிடிக்காதீங்க, உள்ளூர் வேம்பும் பூவரசும் போதும். பேரம் பேசுறதா இருந்தா அளவைக் குறைச்சுப் பேசுங்க, கூலியைக் குறைச்சுப் பேசாதீங்க. ஒரு விஷயம், சி.என்.சி. மெஷின்ல வெட்டினதையும் கைவேலைன்னு சொல்லி விக்கிறாங்க. வலது பக்கப் பூவும் இடது பக்கப் பூவும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா இருந்தா, பள்ளத்துல ஒரே சீரா கோடு கோடா ஓடுச்சுன்னா, அது மெஷின். மெஷின் வேலை பாவம் இல்ல, ஆனா அந்த விலைக்கு விக்கக் கூடாது.

சூழல் கணக்குப்படியும் இது நல்லது. காய்ஞ்ச மரத்தோட எடையில ஏறத்தாழ பாதி கார்பன். 1 கிலோ மரம்னா காத்துல இருந்து எடுத்த சுமார் 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு அதுக்குள்ள பூட்டி வெச்சிருக்குன்னு அர்த்தம். மரம் எரியாம, செல்லரிக்காம இருக்கிற வரைக்கும் அது வெளிய வராது. நூறு வருஷம் பார்த்த கதவை விறகுக்குப் போடுறதும், எட்டு வருஷத்துல உப்பிப் போற பலகை வாங்குறதும் இந்தக் கணக்குல ரெண்டு மடங்கு நஷ்டம். அதனால புது மரத்துக்கு முன்னாடி, இடிச்ச வீட்டுச் சாமான் விக்கிற பழைய மரக்கடையை ஒருமுறை பாருங்க. எங்க டி.வி. இப்போ நிக்கிறது ஒரு பழைய நிலைக்கதவுப் பலகை மேல. கீழ ரெண்டு செதுக்கின தாங்கி. எல்லாம் சேர்த்து எம்.டி.எஃப் யூனிட் விலையில நாலுல ஒரு பங்கு.

கரையானுக்கு? எங்க பக்கத்து மாவட்டம் கடலூர்ல, பண்ருட்டி பக்கம் முந்திரி அதிகம். முந்திரிக் கொட்டை ஓட்டுல இருந்து எடுக்குற எண்ணெயை மரத்துக்குப் பூசுறது பழைய வழக்கம், கரையான் அண்டாது. ஆனா தோல்ல பட்டா புண்ணாக்கிடும், கறுப்பாவும் ஆக்கும். உத்தரம், கூரைக் கம்பு மாதிரி கை படாத இடத்துக்கு மட்டும். கை படுற சிற்பத்துக்கு ஆளிவிதை எண்ணெய் போதும், மெல்லிசா தேய்ச்சுக் காய விட்டுட்டா மரத்தோட நிறம் தெளிவாகும். எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க, தானா சூடேறித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போடணும்.

புதுசா வீடு கட்டப் போறவங்களுக்கு ஒரே ஒரு பேர் சொல்றேன்: லாரி பேக்கர். 1917-ல இங்கிலாந்துல பிறந்து, கேரளாவுல வாழ்ந்து 2007-ல இறந்த கட்டிடக் கலைஞர். செங்கல்லை நல்லா அடுக்கினா பூச்சே வேண்டாம், இடைவெளி விட்டு அடுக்கினா அதுவே ஜன்னல், அதுவே அலங்காரம்னு கட்டிக் காட்டினவர். திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சுருள் சுருளா ஏறுற இந்தியன் காபி ஹவுஸ் அவர் கட்டினதுதான். அந்தப் பக்கம் போனா ஒரு காபி குடிச்சிட்டு வாங்க.

துணி, வெட்டிவேர், செடி

திரைச்சீலைக்குப் பழைய பருத்திப் புடவையைவிட நல்லது எதுவும் இல்ல. அஞ்சரை மீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் கரை. ஒரு புடவையில சின்ன ஜன்னல் ரெண்டு முடிஞ்சிடும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு மட்டும் ரெண்டு மடிப்பா தைங்க. முடிஞ்சா ஜன்னலுக்கு வெளிய ஒரு தட்டி கட்டுங்க, ஏன்னா வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்தப்புறம் துணியால தடுத்தா சூடு ஏற்கனவே வீட்டுக்குள்ள வந்தாச்சு.

அந்தத் தட்டி வெட்டிவேர்ல இருந்தா இன்னும் விசேஷம். தண்ணி தெளிச்சு விட்டா, ஒவ்வொரு லிட்டர் ஆவியாகும்போதும் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கும், ஏறத்தாழ மூணுல ரெண்டு பங்கு யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பம். சின்னசேலம் மாதிரி கடல்ல இருந்து தள்ளி இருக்கிற, சித்திரையில காத்து வறண்டு வீசுற ஊர்ல இது நல்லா வேலை செய்யும். சென்னையில புழுக்கத்துல வேலை செய்யாது, ஈரக் காத்து தண்ணியை வாங்காது. ஒரே பொருள் ஒரு ஊர்ல அறிவியல், இன்னொரு ஊர்ல வெறும் வாசனை.

செடி பத்தி ஒரு தகவலைச் சொல்லியே ஆகணும். "நாசாவே சொல்லிடுச்சு, இந்தச் செடி ரூம் காத்தைச் சுத்தம் பண்ணும்"னு ஃபார்வர்டு வரும். 1989-ல நாசா செஞ்ச அந்த ஆய்வு உண்மை. ஆனா அது மூடி வெச்ச சின்னக் கூண்டுக்குள்ள செஞ்சது. நம்ம வீட்டுல கதவு, ஜன்னல் இருக்கு. 2019-ல வெளியான ஒரு மறு ஆய்வு, சாதாரணக் காத்தோட்டம் செய்யுற வேலையைச் செடிகள் செய்யணும்னா சதுர மீட்டருக்கு 10-ல இருந்து 1,000 செடி வரைக்கும் வேணும்னு கணக்குச் சொன்னது. வீட்டுக்குள்ள காடு வளர்க்கணும்! செடி வைங்க, பார்க்க நல்லா இருக்கும், ஆனா காத்துக்கு ஜன்னலைத் திறங்க. கற்றாழை, துளசி, மணி பிளாண்ட், எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம், பக்கத்து வீட்டுல ஒரு கிளை கேட்டா போதும். விளிம்பு உடைஞ்ச மண்பானை, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் தொட்டிதான். கீழ வைக்கிற தட்டுல தண்ணி தேங்க விடாதீங்க, டெங்கு கொசு அதுக்காகக் காத்திருக்கு.

விசேஷ நாள்

நிச்சயத்துக்கு மண்டபக்காரங்க முதல்ல காட்டினது தெர்மாகோல்ல பேர் வெட்டி ஒட்டுற பின்னணி. அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துறது 2022 ஜூலை 1-ல இருந்து நாடு முழுக்கத் தடை. ஆனாலும் ஆல்பத்துல முதல் பக்கத்துல அதுதான் இருந்தது. நாங்க ஹால்லயே வெச்சுக்கிட்டோம். பின்னணிக்குப் பெரிய கோரைப்பாய் ரெண்டு, ஓரத்துல குருத்தோலைத் தோரணம், நிலையில மாவிலை. குருத்தோலை பின்ன எங்க தெருவுல மூணு பேருக்குத்தான் தெரியும், மூணு பேருக்கும் அறுபது வயசுக்கு மேல. கிளி, பூ, சங்கிலி எல்லாம் பின்னிக் காட்டினாங்க. நான் கத்துக்கிட்டது சங்கிலி மட்டும். உயிருள்ள மரத்துல குருத்தை அதிகம் வெட்டினா மரம் தளர்ந்துடும், அதனால யார் தோப்புலயாவது தென்னை சாய்க்கிறாங்களான்னு விசாரிச்சு வாங்கணும். எல்லாம் முடிஞ்ச அடுத்த நாள் ஓலையும் இலையும் மாட்டுக்கும் எருக்குழிக்கும் போச்சு, பாய் அக்காவோட சீர்வரிசையில போகுது.

ஹாஸ்டல்வாசிகளுக்கு

ஆணி அடிக்கக் கூடாது, டேப் ஒட்டினா பெயிண்ட் உரியும், வார்டன் ஃபைன் போடுவார். இதுக்கு ஜவ்வரிசிதான் வழி. சேலம், ஆத்தூர், எங்க ஊர்னு அந்தப் பக்கம் முழுக்க மரவள்ளிக்கிழங்கு விளையுது, ஜவ்வரிசி அதோட மாவுதான். ரெண்டு ஸ்பூன் ஜவ்வரிசியைப் பொடிச்சு, ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணியில கட்டியில்லாமக் கரைச்சு, கெட்டில்ல இல்லாம ஒரு பாத்திரத்துல வெச்சு மெல்லிய சூட்டுல கிளறுங்க. 70 டிகிரி பக்கத்துல வரும்போது மாவு திடீர்னு கண்ணாடி மாதிரி தெளிஞ்சு பசையாகும். அதுல போஸ்டரை, கதர்த் துணியை, உங்க கிளாஸ்மேட் வரைஞ்ச படத்தை ஒட்டுங்க. ரூம் காலி பண்ற அன்னைக்கு ஈரத்துணியை அஞ்சு நிமிஷம் வெச்சு எடுத்தா சுவர்ல தடமே இருக்காது. எறும்பு, கரப்பான் வராம இருக்க வேப்பிலை போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணியில கரைச்சுப் பாருங்க. பசை ரெண்டு நாளைக்கு மேல புளிச்சிடும், அதனால அன்னைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்க. மிச்ச ஜவ்வரிசியைப் பாயசம் வெச்சுட்டு, முடிஞ்சா வார்டனுக்கும் ஒரு டம்ளர் கொடுங்க.